காபிக்குப் பிறகே எடை

எவெர்டின் வலது முழங்காலை மாற்றிவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னது ஜனவரி மாதத்தில். பகல் இரண்டு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கதவுக்குக் கீல் மாற்றுகிற மாதிரிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அந்த அம்மாள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எடை நூற்று நான்கு கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு நகராட்சி எடை வழிகாட்டு மையத்தின் சான்று ஏப்ரல் பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் மே மாதத்து இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். எவெர்டுக்கு அதற்கப்புறம் டிசம்பரில்தான் இடம்.

டிசம்பர் அவருக்கு உதவாது. அவருடைய மனைவி குன்வோர் நவம்பரில் இறந்திருந்தாள். தன் சாம்பலைக் கோர்ப் மலை உச்சியில் தூவ வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். மாவட்ட நிர்வாகமும் அனுமதி கொடுத்துவிட்டது. தகனம் முடிந்து ஓராண்டுக்குள் சாம்பலை எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். அக்டோபரில் மலைமேல் பனி இறங்கிவிடும். ஆகவே மேயில் முழங்கால், செப்டம்பரில் மலை. தவறினால் கலசம் ஊர்க் கல்லறைக்குப் போகும். அங்கே குடும்பத்துக்கென்று இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அது குன்வோர் இருபத்திரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவளுடைய அக்காவுக்குப் பக்கத்தில். வேறு யாரையாவது அனுப்பித் தூவச் சொல்லலாமே என்று மருத்துவர் கேட்டார். எவெர்ட் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று அவர் எடை நூற்று ஐந்து கிலோ எண்ணூறு கிராம். குறைக்க வேண்டியது இரண்டு கிலோகூட இல்லை. எப்படிக் கூடியது என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்த பாத்திரம் எட்டு உருளைக்கிழங்கு வேகிற பாத்திரம். நாற்பத்தாறு வருடமாக அதில் எட்டுதான் வெந்தது. நவம்பருக்குப் பிறகும் எட்டே வெந்தது. அவர் முதலில் தன் தட்டைச் சாப்பிட்டார், பிறகு எதிர்த் தட்டையும் சாப்பிட்டார்.

எடை என்பது எவெர்டுக்குப் புது விஷயமல்ல. கிரான்ஃபோர்ஸ் ஊரின் காகித ஆலை வாசலில் முப்பத்தெட்டு வருடம் எடை மேடையில் வேலை பார்த்தவர். மர லாரி ஏறும், முள் நிற்கும், சீட்டு எழுதுவார். லாரி அழுததுமில்லை, சந்தோஷப்பட்டதுமில்லை. அதே பழக்கத்தில் தானும் தினமும் காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, ஒன்றும் குடிக்காமல் மெஷினில் ஏறி எண்ணைக் குறித்துக்கொள்வார். இன்று அரைக் கிலோ கூடும், நாளை முக்கால் கிலோ குறையும். உப்பு, தண்ணீர், மலம், அவ்வளவுதான். வாரத்துச் சராசரி எந்தப் பக்கம் போகிறது என்பதே விஷயம். குன்வோரோ வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் மட்டும் ஏறுவாள். தினமும் ஏறுகிறவரைப் பார்த்து, உன்னைப் பற்றி அந்த மெஷின் இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும் என்று கேட்பாள்.

எடை வழிகாட்டு மையம் நகராட்சிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது என்பதால் எவெர்ட் ஒவ்வொரு படியாகக் காலை இழுத்துக்கொண்டு ஏறிப் போனார். உள்ளே ஒருவரும் இல்லை. வாசலில் டோக்கன் இயந்திரம் இருந்தது, கிழித்தார். நாற்பத்தேழு. திரையில் நாற்பத்தாறு. உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முப்பது வயது இளைஞர் உட்கார்ந்து அவரையே கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். எவெர்டும் அவரைப் பார்த்தார். நாற்பத்தாறாம் எண்காரர் வராமலிருப்பதை இருவரும் பதினைந்து நிமிடம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் மணி அடித்தது.

இளைஞரின் பெயர் மெல்கர். அட்டையில் ‘எடைத் துணைவர்’ என்று போட்டிருந்தது. நல்ல மனிதர். கைகுலுக்கிய கையை விடவே இல்லை.

எங்கே ஏறி நிற்க வேண்டும் என்று எவெர்ட் கேட்டார்.

“இங்க நாம எடை பாக்கறதில்ல எவெர்ட்,” என்றார் மெல்கர். “எடையச் சந்திக்கறோம்.”

சந்திப்பதற்கு மூன்று படிகள் இருந்தன. முதலில் காபி உரையாடல், அடுத்து எடை, கடைசியில் எடையைப் பற்றிய சிந்தனை. காபியோடு பன் கட்டாயம். ஊழியர் ஒப்பந்தத்தின்படி இந்த ஊரில் எந்த அலுவலகத்திலும் பன் இல்லாமல் காபி மேசையில் உட்கார முடியாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிய பன் இரண்டு வந்தன. எவெர்ட் ஒன்றை எடுத்தார். மெல்கர் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். இரண்டாவதையும் எடுத்தார்.

வீட்டில் எத்தனை தடவை எடை பார்ப்பீர்கள் என்ற கேள்விக்குத் தினமும் என்று எவெர்ட் சொன்னதும் மெல்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் சாராயம் குடிக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

“தனியாவா?”

“குளியலறைல வேற எப்படிங்க.”

“எவ்வளவு நாளா?”

“எண்பத்தொண்ணுலேர்ந்து.”

மெல்கர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தனிமையில் எடை பார்ப்பது எப்படி ஒரு மனிதனை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் என்பதை மெதுவாக எடுத்துச் சொன்னார். அடுத்த முறை வரும்போது வீட்டு மெஷினைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். திட்டம் முடியும்வரை மையத்திலேயே பத்திரமாக இருக்கும். எண்ணை நோட்டில் எழுதுகிற பழக்கத்தைப் பற்றி வேறொரு நாள் பேசலாம், இன்றைக்கு இது போதும் என்றார்.

பிறகு எடை. கம்பளிச் சட்டை, பனிச் சப்பாத்து, இரண்டு கோப்பை காபி, இரண்டு பன் எல்லாவற்றோடும் எவெர்ட் மேடையில் ஏறினார். சப்பாத்தைக் கழற்றலாமா என்று கேட்டதற்கு, எப்படி வந்தீர்களோ அப்படியே உங்களை ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. நூற்றேழு கிலோ. மெல்கர் அந்த எண்ணைச் சாய்த்துப் பிடித்து எழுதினார், பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடாதபடிக்கு. பக்கத்தில் யாரும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வர வேண்டும் என்பதுதான் மையத்தின் ஆணிவேர். எண்பத்து நான்கு பக்கக் கையேட்டில் அதற்கு மட்டும் முப்பது பக்கம். எடை குறைந்தவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். அப்படியே இருப்பவர் வாரம் ஒரு முறை. கூடியவர் வாரம் இரு முறை. இரு முறை வந்தும் கூடினால், ஆதரவு போதவில்லை என்று பொருள். அவர் தினமும் வர வேண்டும்.

அடுத்த வாரம் எவெர்ட் மெஷினைப் பையில் போட்டு எடுத்துப் போனார். மெல்கர் அதற்குச் சீல் ஒட்டிப் பெயர் எழுதி அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அறுபத்தொரு மெஷின்கள் வரிசையாக நின்றன. அன்றைக்கு ஏலக்காய் பன். எடை நூற்றேழு கிலோ முந்நூறு கிராம். வாரம் இரண்டு முறை ஆயிற்று.

பிப்ரவரியில் நோன்புக்கு முந்தைய செவ்வாய் வந்தது. இந்த நாட்டில் அன்றைக்குப் பன்னின் தலையைச் சீவி, உள்ளே பாதாம் விழுது வைத்து, மேலே ஒரு கைப்பிடி உயரத்துக்கு அடித்த பாலேடு வைத்துச் சாப்பிடாதவரை மருத்துவமனையில்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். செவ்வாய் ஒரு நாள்தான், ஆனால் மையத்தில் அதை ஜனவரி கடைசியிலேயே ஆரம்பித்திருந்தார்கள். எவெர்ட் அந்த வாரம் நூற்றெட்டைத் தாண்டினார். தினமும் வரச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதில் அவரைப் பாராட்டியிருந்தார்கள்.

தினமும் காலை ஒன்பதரைக்கு எவெர்ட் காலை இழுத்துக்கொண்டு மாடி ஏறினார், டோக்கன் கிழித்தார், காபி குடித்தார், பன் சாப்பிட்டார், ஏறி நின்றார், சிந்தித்தார். வீட்டில் தன் பங்குக்கு உருளைக்கிழங்கை எட்டிலிருந்து ஐந்தாக்கினார், பிறகு நான்காக்கினார். அந்தப் பெரிய பாத்திரத்தில் நான்கு கிழங்கு ஒன்றையொன்று தேடிக்கொண்டு உருள்வதைப் பார்க்கச் சகிக்காமல், சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்தார். மெல்கரிடம் இதைச் சொன்னபோது, அருமை, அருமை என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தள்ளினார்.

ஒரு வியாழக்கிழமை எவெர்ட் துணிந்தார். எனக்கு இன்னிக்கு பன் வேண்டாம், நன்றி என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மெல்கரின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. வயிறு சரியில்லையா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றார் எவெர்ட். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெல்கர் கோப்பில் நீளமாக ஏதோ எழுதினார்.

மறுநாள் மையத் தலைவி பெர்னிலாவின் அறைக்கு எவெர்ட் அழைக்கப்பட்டார். பெர்னிலா நாற்பத்தைந்து வயதுக்காரி, மெலிந்த உடம்பு. பெரிய மரமணி மாலை ஒன்று போட்டிருந்தாள். மேசைமேல் மெழுகுவத்தி எரிந்தது. இரண்டு நாற்காலிகளும் எதிரெதிராக இல்லாமல் கோணலாகப் போடப்பட்டிருந்தன, அதிகாரம் தெரியக் கூடாதென்று.

“பன்னை மறுக்கறவங்க பன்னை மறுக்கல எவெர்ட்,” என்றாள். “எங்களை மறுக்கறாங்க. நீங்க சமீபத்துல ஒருத்தரை இழந்திருக்கீங்கன்னு கோப்புல இருக்கு.”

“மனைவி.”

“பாத்தீங்களா. பன்னுக்கு முன்னாடியே அது அங்க இருந்திருக்கு.”

அன்று முதல் எவெர்டுக்குத் தோழமைக் கூடுதல் அனுமதிக்கப்பட்டது. அதாவது மெல்கரோடு இன்னொரு துணைவரும் உட்காருவார், பன் மூன்றாகும். எவெர்ட் நன்றி சொல்லிவிட்டு வந்தார். இந்த ஊர்க்காரருக்கு அதைத் தவிர வேறொன்றும் செய்ய வராது. பதினொரு மாதப் பனியையும் நன்றி சொல்லியே கடத்துகிறவர்கள். எடுத்து வைத்த காபியை மறுப்பதென்றால், அதைவிட ஆற்றில் விழுவதே மேல் என்று விழுந்துவிடுவார்கள்.

மார்ச் முதல் வாரம் குளிர்கால விளையாட்டு விடுமுறை. ஊரே பனிச்சறுக்குக் கட்டையோடு மலைக்குப் போயிற்று, மையத்தையும் பூட்டினார்கள். ஒன்பது நாள். பூட்டுவதற்கு முந்தின நாள் எவெர்ட் நூற்றெட்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் இருந்தார். திரும்பத் திறந்த அன்றைக்கு நூற்றேழு எழுநூறு.

மெல்கர் எண்ணைப் பார்த்துவிட்டு பெர்னிலாவைக் கூப்பிட்டார். பெர்னிலா எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவ ஆலோசகருக்கு போன் செய்தாள். எவெர்ட் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கலாமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

“ஒன்பது நாளா உங்களை யாரும் பாக்கல,” என்றாள் பெர்னிலா. “அந்த நேரத்துல ஒரு கிலோ இருநூறு கிராம் போயிருக்கு. எங்க போச்சுன்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. இது எவ்வளவு ஆபத்துன்னு புரியுதா?”

எவெர்ட் மன்னிப்புக் கேட்டார். ‘கண்காணிப்பற்ற குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில், எல்லோருடைய கூட்டு முயற்சியாலும், அந்தக் கிலோ மீட்கப்பட்டது.

மார்ச் இருபத்தைந்து வாஃபிள் தினம், வீடெல்லாம் வாஃபிள் என்ற கட்டம் போட்ட இனிப்பு அப்பம் சுடுகிற நாள். அன்றுதான் மாவட்ட சுகாதாரக் குழு மையத்தைப் பார்வையிட வந்தது. நீண்ட மேசையில் இதய வடிவ வாஃபிள்கள், பாலேடு, மஞ்சள் பழக் கூழ். மையத்தில் பதிவு செய்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எவெர்டை மாதிரிப் பங்கேற்பாளராகத் தேர்ந்தெடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இதுவரை முப்பத்தொரு எடைச் சந்திப்பு, மாவட்டத்திலேயே முதலிடம். அன்று காலை அவர் எடை நூற்றொன்பது கிலோ இருநூறு கிராம்.

பெர்னிலா எழுந்து பேசினாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போயிற்று.

“போன வருஷம் ஒருத்தர் மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தார்,” என்றாள். “இன்னிக்குச் சராசரி ஒன்பது. இதை நாங்க சும்மா சாதிக்கல. ஆனா ஒரு பிரச்சினையும் இருக்கு, மறைக்க விரும்பல. சிலருக்கு எடை குறைஞ்சுடுது. குறைஞ்சா வர்றதை நிறுத்திடறாங்க. அப்படி நாலு பேரை இழந்துட்டோம். அந்த நாலு பேர் இப்ப எப்படி இருக்காங்கன்னுகூட எங்களுக்குத் தெரியாது.”

குழு வருத்தத்தோடு தலையாட்டியது. கடைசி இருக்கையில் இருந்த ஒரு வயதான உறுப்பினர், காது சரியாகக் கேட்காதவர், எல்லோருக்குமாகச் சேர்த்து எடை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் அவர் முழங்கையைத் தொட்டார்.

“நாங்க எடையை அந்தக் கண்ணோட்டத்துல பாக்கறதில்ல,” என்றாள் பெர்னிலா.

கைதட்டல் ஓய்ந்ததும் மாதிரிப் பங்கேற்பாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். எவெர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் மிகவும் அன்பாக நடத்துகிறார்கள் என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஏப்ரல் பதினைந்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

“ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், காபிக்கு முன்னாடி என்னை நிறுத்துப் பாருங்க.”

கரண்டிகள் நின்றன. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெல்கர் தரையைப் பார்த்தார். பெர்னிலா மாலையின் மணி ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் விரலை ஓட்டினாள்.

“காபிக்கு முன்னாடின்னா,” என்றாள் கடைசியில், “அது வெறும் எடைதானே எவெர்ட்.”

ஆனால் குழுத் தலைவர் ஜனநாயகவாதி. ஒரு பங்கேற்பாளர் கேள்வி எழுப்பிவிட்டார், அதைக் கேட்காத மாதிரி விட முடியாது. காபிக்குப் பிறகே எடை பார்க்கிற வழிமுறையை மாற்றலாமா என்பதை ஆராய மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. அறிக்கை நவம்பரில் வரும். இதில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒன்றை மறுநாள் மெல்கர் கையேட்டில் கண்டுபிடித்தார். பிரிவு முப்பத்தொன்று: வழிமுறை விசாரணையில் இருக்கும்போது அந்த வழிமுறைப்படி எவரையும் எடை பார்க்கக் கூடாது. ஆக நவம்பர்வரை கிரான்ஃபோர்ஸில் யாருக்கும் எடை கிடையாது. எடை இல்லை என்பதால் காபியும் இல்லை. பன்னும் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சந்தைச் சதுக்கத்து ரொட்டிக் கடைக்காரர் ஓர் அடுப்பை அணைத்துவிட்டார். தையற்கடையில் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைக்க வரிசை நின்றது. எவெர்டுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காலையில் பனியில் சறுக்கிப் போகும்படி அடியில் இரும்புப் பட்டை வைத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, முழங்காலுக்குப் பாரம் விழாதபடி ஆற்றங்கரை வரை போய்வந்தார். மத்தியானம் நான்கு கிழங்கு, ஒரு துண்டு மீன். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டார், பிறகு இன்னொரு துளை. மெஷின் மையத்தின் அலமாரியில் சீலோடு இருந்தது. நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் எடை தனக்கே தெரியாமல் நடமாடினார்.

தெரிந்தாலும் பிரயோசனமில்லை, சான்று கொடுக்க ஆளில்லை. ஏப்ரல் பதினான்காம் தேதி மையத்துக்குப் போனார். மாடியில் டோக்கன் இயந்திரம் வேலை செய்தது, கிழித்தார். மெல்கர் கண்கலங்கிவிட்டார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் எவெர்ட் இப்போது என்ன உணர்கிறார் என்பதை உட்கார்ந்து கேட்க முடியும் என்றார். அறுவை மருத்துவமனைக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னார், எடை எழுத முடியாது, எடை எழுத முடியாத காரணத்தை விரிவாக எழுதலாம். கலசம் தகனக் கூடத்தின் அலமாரியில் காத்திருக்கிறது என்று எவெர்ட் சொன்னார். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறதா என்று மெல்கர் உண்மையான அக்கறையோடு தேடினார்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் ரைலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தைப் பதினோரு வருடமாகத் துடைப்பவள். பின்லாந்துக்காரி. ஒரு நாளைக்கு இத்தனை சொல் என்று அளந்து வைத்திருப்பவள் என்று ஊரில் சொல்வார்கள். எவெர்டை ஆலைக் காலத்திலிருந்தே தெரியும், அங்கேயும் அவள்தான் துடைத்தாள்.

“எல்லாம் காதுல விழுந்துச்சு,” என்றாள். “நாளைக்கு ஆறு மணிக்கு வா. வெறும் வயித்தோட வா. போக வேண்டியதெல்லாம் போயிட்டு வா.”

“பூட்டியிருக்குமே.”

“சாவி யாருகிட்ட இருக்குன்னு நெனச்ச?”

காலை ஆறு மணிக்குக் காபி அறையில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாக ஏற்றப்பட்டிருந்தன. எவெர்ட் சப்பாத்தைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார், கால்சட்டையைக் கழற்றலாமா என்று ரைலியைப் பார்த்தார்.

“ஆலைக் குளியலறையத் துடைச்சவ நான்,” என்றாள் ரைலி. “புதுசா என்னத்தப் பாக்கப் போறேன். ஏறு. ஆடாம நில்லு.”

எவெர்ட் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார். லாரிக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஏன் தன் முகத்தையே பார்த்தார்கள் என்பது முப்பத்தெட்டு வருடம் கழித்து அவருக்கு விளங்கிற்று.

“நூத்தி மூணு எண்ணூறு.”

“இன்னொரு தடவை பாரு.”

“அது என்ன, மாறிடவா போகுது. தெனமும் வேலை முடிஞ்சு நானும் இதுல ஏறுறேன். பதினோரு வருஷமா அறுபத்திரெண்டு. ஏறுவேன், பாப்பேன், மறந்துருவேன், பஸ்ஸப் பிடிக்கப் போயிருவேன்.”

சான்றுப் படிவம் கண்ணாடி மேசையில் கட்டாக இருந்தது. காபி உரையாடல் நடந்ததா என்பதற்குக் கட்டம் இருந்தது. ரைலி ‘இல்லை’ என்று குறித்தாள். சிந்தனை நடந்ததா, இல்லை. கீழே ‘எடை பார்த்த நகராட்சி ஊழியர்’ என்று கோடு போட்டிருந்தது. துணைவர் என்றோ தலைவி என்றோ போடவில்லை. ரைலி கையெழுத்துப் போட்டு, பதவி என்ற இடத்தில் தரைத் துப்புரவு என்று எழுதி, முத்திரை குத்தினாள். பிறகு அலமாரிக்குப் போய் எவெர்டின் மெஷினை எடுத்துவந்து, சீலைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். தூசி துடைக்க இதெல்லாம் இடைஞ்சலாக இருக்கிறது என்றாள்.

எட்டு மணிக்குப் படிவம் மருத்துவமனையில் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தார்கள், கணினியில் ஏற்றினார்கள். மே ஆறாம் தேதி முழங்கால் மாற்றப்பட்டது.

பெர்னிலாவுக்கு விஷயம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. சான்றை ரத்து செய்யலாம் என்று கையேட்டை இரண்டு நாள் புரட்டினாள். எடை பார்ப்பவர் ஊழியராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியது அவள்தான். எடை பார்க்கக் கூடாது என்ற பிரிவும் வழிமுறைப்படி பார்ப்பதைத்தான் தடுத்தது. ரைலி எந்த வழிமுறைப்படியும் பார்க்கவில்லை. கடைசியில் ஆண்டறிக்கையில் எவெர்டை முழு வெற்றி என்று சேர்த்துக்கொண்டார்கள், படத்தோடு. ரைலியை இரண்டு நாள் சந்திப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் இரண்டு நாளும் காபியை மட்டும் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். மிகச் சிறந்த செவிசாய்ப்பாளர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி எவெர்ட் தகனக் கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்த கலசத்தை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு கோர்ப் மலை ஏறினார். பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. நடக்கிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறுகிற மலை, அவருக்கு நாலரை மணி நேரம் பிடித்தது. மேலே காற்று அதிகம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் மையத்திலிருந்து தொடர் கண்காணிப்புப் படிவம் வந்தது, இருபது கேள்வி. எவெர்ட் வாழ்க்கையில் எந்தப் படிவத்தையும் பொய்யாக நிரப்பியதில்லை. வாரத்தில் எத்தனை முறை எடை பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஏழு என்று எழுதினார். எத்தனை முறை அதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்றதற்குப் பூஜ்யம். பதினான்காம் கேள்வியில் பேனா நின்றது. கடந்த மூன்று மாதங்களில் உங்கள் எடை திடீரெனக் குறைந்ததுண்டா; உண்டெனில் தேதி, நேரம், அளவு, காரணம் எழுதவும்.

எடை மேடைக்காரர் என்பதால் அந்தக் கணக்கு அவரிடம் இருந்தது. அன்று விடிகாலையில் பையை மாட்டிக்கொண்டு மெஷினில் ஏறியிருந்தார். திரும்பி வந்ததும் அதே பையோடு, உள்ளே காலிக் கலசத்தோடு மறுபடி ஏறியிருந்தார். குடித்த தண்ணீரையும் தின்ற இரண்டு முட்டையையும் கணக்கில் கொண்டு சரி செய்திருந்தார்.

செப்டம்பர் 18 என்று எழுதினார். பகல் ஒன்றிலிருந்து ஒன்று இருபதுக்குள். இரண்டு கிலோ எழுநூறு கிராம். காரணம் என்ற கோட்டுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மனைவி என்று எழுதி, உறையில் போட்டு அனுப்பினார்.

பத்து நாளில் மையத்திலிருந்து பதில் வந்தது. மூன்று கிலோவுக்கு உட்பட்ட குறைவு இயல்பானதே, மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று அதில் இருந்தது.